வயிற்றில் நீர்... புற்றுநோயா, வேறா? - சோதனைச்சாலை சொல்லும் பதில்

'வயிறு உப்பலா இருக்கு' என்று டாக்டரிடம் போனால், 'உள்ளே நீர் இருக்கு' என்கிறார். அந்த நிமிடமே குடும்பத்தில் எல்லோருக்கும் ஒரே பயம். அந்தப் பயம் நியாயமானதா? அந்த நீரே அதற்குப் பதில் சொல்லும்!

உதாரணத்துக்கு ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கேளம்பாக்கம். ஒரு காலத்தில் கோவளம் போகிற வழியெல்லாம் உப்பளமாகத் தெரிந்த ஊர். இன்று பழைய மகாபலிபுரம் சாலை நெடுகக் கம்ப்யூட்டர் கம்பெனிகளும் அடுக்குமாடி வீடுகளுமாக நிற்கிறது. அப்படி ஒரு அடுக்குமாடி வீட்டில் அப்பா, அம்மா, மகன், மருமகள். அம்மாவுக்கு வயது 54.

இரண்டு மாதமாகவே அம்மாவுக்கு ஒரு சந்தேகம். "என்னன்னே தெரியலைடி, பாவாடை நாடாவை நாளுக்கு நாள் தளர்த்திக் கட்ட வேண்டியிருக்கு. ஆனா கை, கால், கழுத்தெல்லாம் இளைச்சுப் போச்சு" என்று மருமகளிடம் சொல்கிறார். வாயு என்று நினைத்து சீரகத் தண்ணீர், ஓம வாட்டர் எல்லாம் குடித்தாகிவிட்டது. சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல் அடிப்பது போல இருக்கிறது. பசியில்லை.

ஸ்கேன் எடுத்தால் வயிற்றில் நீர். ரத்தத்தில் 'சி.ஏ. 125' என்று ஒரு பரிசோதனை. 35-க்குள் இருக்க வேண்டியது 480! மகன் செல்போனில் தேடிப் பார்க்கிறான். 'கருப்பைச் சினைப்பைப் புற்றுநோய்க்கான அடையாளம்' என்று வருகிறது. அவ்வளவுதான். அப்பாவைத் தனியே மாடிப்படிக்கு அழைத்துப்போய், "அம்மாகிட்ட இப்ப எதுவும் சொல்லாதீங்கப்பா" என்கிறான். உள்ளே அம்மா, 'ஏன் இவங்க ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசறாங்க?' என்று கவலைப்படுகிறார்.

கொஞ்சம் பொறுங்கள். அந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு யாரும் எந்த முடிவுக்கும் வரமுடியாது. ஏன் என்று பார்ப்போம்.

இந்த நீர் எங்கிருந்து வருகிறது?

நம் வயிற்றுக்குள் குடல், ஈரல், மண்ணீரல் எல்லாவற்றையும் மூடியபடி ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. 'பெரிட்டோனியம்' என்பது அதன் பெயர். உறுப்புகள் ஒன்றோடொன்று உரசாமல் வழுக்கிப்போக அதில் எப்போதும் சிறிதளவு ஈரம் இருக்கும். அந்த ஈரம் பெருகி லிட்டர் கணக்கில் சேர்ந்துவிட்டால் அதுதான் 'அசைட்டிஸ்'. நம் பாட்டிமார்கள் 'மகோதரம்' என்று சொன்னார்களே, அதே சமாசாரம்.

நீர் சேர இரண்டு பெரிய வழிகள் உண்டு.

ஒன்று, அழுத்தம். ஈரல் சுருங்கி இறுகிப்போனால் (சிரோசிஸ்), குடலிலிருந்து ஈரலுக்குப் போகும் ரத்தக் குழாயில் ரத்தம் தேங்கி, அழுத்தம் ஏறுகிறது. அழுத்தம் தாங்காமல் நீர் கசிந்து வயிற்றுக்குள் விழுகிறது. இதயம் பலவீனமானாலும் இதே மாதிரி ஆகும்.

இரண்டாவது, சவ்வே நோயுறுவது. டி.பி. கிருமியோ, புற்றுநோய் செல்களோ அந்தச் சவ்வில் படிந்துவிட்டால், சவ்வே புண்பட்டு நீரைச் சுரக்கிறது.

இவை தவிர சிறுநீரகக் கோளாறு, கணையப் பாதிப்பு போன்ற காரணங்களும் உண்டு. மேல்நாடுகளில் வயிற்று நீரோடு வருபவர்களில் 100-க்கு 80 பேருக்கு ஈரல்தான் காரணம். புற்றுநோய் சுமார் 10 பேருக்கு. நம் நாட்டில் இவற்றோடு டி.பி.யும் கணிசமான இடம் பிடித்துக்கொள்கிறது. ஆக, 'நீர்' என்றதும் 'புற்றுநோய்' என்று தாவுவது சரியில்லை!

'ஊசி போட்டா பரவிடுமாமே?'

எந்த டாக்டரும் முதலில் செய்ய விரும்புவது அந்த நீரில் கொஞ்சம் எடுத்துப் பார்ப்பதுதான். இங்கேதான் பல வீடுகளில் தகராறு. "ஊசி குத்தினா கட்டி பரவிடும்னு எதிர்வீட்டு மாமி சொல்றாங்க" என்று மறுத்துவிடுவார்கள்.

இந்தப் பயத்துக்கு ஒரு மூலம் உண்டு. நீர் வயிற்றில் பரவாமல், சினைப்பையில் மட்டும் மூடிய கட்டி ஒன்று இருந்து, அது புற்றுநோயாக இருக்கலாம் என்ற சந்தேகமும் இருந்தால், அந்தக் கட்டியை ஊசியால் குத்த மாட்டார்கள். குத்தினால் உள்ளே இருப்பது வெளியே சிந்தலாம். ஆனால் வயிறு முழுக்க ஏற்கெனவே நீர் பரவியிருக்கும்போது அதில் கொஞ்சத்தை எடுப்பது வேறு விஷயம். அது உலகமெங்கும் வழக்கமான பரிசோதனை.

அடிவயிற்றில், பெரும்பாலும் இடது பக்கம், மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு மெல்லிய ஊசியால் எடுப்பார்கள். சில நிமிட வேலை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் மட்டும் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

நீர் வைக்கோல் நிறத்தில் இருக்கலாம், கலங்கி இருக்கலாம், பால் போலவோ ரத்தம் கலந்தோ இருக்கலாம். நிறத்தைப் பார்த்து மட்டும் யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. சோதனைச்சாலைதான் சொல்ல வேண்டும்.

முதல் கணக்கு: ஒரு சின்னக் கழித்தல்

நம் ரத்தத்தில் 'ஆல்புமின்' என்று ஒரு புரதம் இருக்கிறது. ஒரே நாளில் ரத்தத்திலும் வயிற்று நீரிலும் அது எவ்வளவு என்று அளக்கிறார்கள். பிறகு ரத்தத்தின் அளவிலிருந்து நீரின் அளவைக் கழிக்கிறார்கள். இதற்கு 'எஸ்.ஏ.ஏ.ஜி.' என்று பெயர். நாலாம் வகுப்புப் பிள்ளைகூடப் போட்டுவிடும் கணக்கு!

வித்தியாசம் 1.1 கிராம் அல்லது அதற்கு மேல் என்றால், காரணம் அழுத்தம். அதாவது ஈரல் அல்லது இதயம்.

1.1-க்குக் கீழே என்றால், காரணம் பெரும்பாலும் சவ்வு. அதாவது டி.பி., புற்றுநோய் போன்றவை.

ஏன் இப்படி? அழுத்தத்தால் கசியும்போது தண்ணீர்தான் அதிகம் வெளியேறும். புரதம் பெரும்பாலும் ரத்தத்திலேயே தங்கிவிடும். மெல்லிய துணியில் காபி வடிகட்டுகிற மாதிரி. எனவே இரண்டுக்கும் இடைவெளி அதிகம். சவ்வு புண்பட்டால் துணியே கிழிந்த மாதிரி. புரதமும் சேர்ந்து கொட்டிவிடும். எனவே இடைவெளி குறைவு.

உதாரணமாக ரத்தத்தில் 3.2, நீரில் 0.9 என்றால் வித்தியாசம் 2.3. இது அழுத்தம். ரத்தத்தில் 3.4, நீரில் 2.8 என்றால் வித்தியாசம் 0.6. இது சவ்வு.

முன்பெல்லாம் நீரில் உள்ள மொத்தப் புரதத்தை மட்டும் பார்த்து, அது 2.5 கிராமுக்கு மேலா கீழா என்று இரண்டு வகையாகப் பிரித்தார்கள். 1992-ல் அமெரிக்காவில் டாக்டர் புரூஸ் ரன்யான் குழுவினர் 901 மாதிரிகளை வைத்து இரண்டு முறைகளையும் ஒப்பிட்டார்கள். பழைய முறை 100-க்கு சுமார் 56 தடவைதான் சரியாகச் சொன்னது. கழித்தல் கணக்கோ சுமார் 97 தடவை சரியாகச் சொன்னது!

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தக் கணக்கு 'அழுத்தமா, இல்லையா' என்றுதான் சொல்லும். 'புற்றுநோயா, இல்லையா' என்று நேராகச் சொல்லாது. வேறு இடத்துப் புற்றுநோய் ஈரல் முழுவதும் பரவி, அதனால் அழுத்தம் ஏறி நீர் கோத்தால், அப்போதும் வித்தியாசம் 1.1-க்கு மேல்தான் வரும். எனவே இது முதல் படி மட்டுமே.

இரண்டாவது: செல்களை எண்ணுவது

நீரில் வெள்ளை அணுக்கள் எத்தனை, எந்த வகை என்று எண்ணுவார்கள். 'நியூட்ரோபில்' என்ற வகை ஒரு கன மில்லிமீட்டருக்கு 250 அல்லது அதற்கு மேல் இருந்தால், நீரில் கிருமித் தொற்று வந்திருக்கிறது என்று பொருள். ஈரல் நோயாளிக்கு இது உயிருக்கு ஆபத்தான நிலை. மற்ற ரிப்போர்ட்டுகளுக்குக் காத்திராமல் ஆன்டிபயாடிக் தொடங்கிவிடுவார்கள்.

'லிம்போசைட்' என்ற வகை பெரும்பான்மையாக இருந்தால் டி.பி.யையும் புற்றுநோயையும் நினைக்க வேண்டும்.

மூன்றாவது: புற்றுநோய் செல்லையே தேடுவது

நீரைச் சுழற்றி, அடியில் தங்கும் செல்களைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். இதற்கு 'சைட்டாலஜி' என்று பெயர். புற்றுநோய் செல் கண்ணில் பட்டுவிட்டால் விஷயம் கிட்டத்தட்ட முடிந்தது.

ஆனால் படவில்லை என்றால்? இங்கேதான் குடும்பங்கள் ஏமாந்துபோகின்றன. 'செல் இல்லைன்னு வந்துடுச்சு, புற்றுநோய் இல்லை' என்று நிம்மதியாகி வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

சவ்விலேயே புற்றுநோய் படிந்திருந்தால், நல்ல முறையில் அனுப்பிய மாதிரிகளில் ஏறக்குறைய எப்போதுமே செல் கிடைத்துவிடும். ஆனால் புற்றுநோயால் நீர் கோத்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்குத்தான் அப்படி. ஈரலுக்குள் மட்டும் கட்டி, நிணநீர்ப் பாதை அடைப்பு என்றால் நீரில் செல் உதிராது. எனவே மொத்தமாகப் பார்த்தால் மூன்று பேரில் ஒருவருக்காவது இந்தப் பரிசோதனை தவறவிட்டுவிடும்.

அதனால் குறைந்தது 50 மில்லி நீராவது அனுப்ப வேண்டும். தாமதமில்லாமல் சோதனைச்சாலைக்குப் போய்ச் சேர வேண்டும். சந்தேகம் தீரவில்லை என்றால் திரும்பவும் எடுத்துப் பார்க்க வேண்டும். 'மறுபடியுமா?' என்று சலித்துக்கொள்ளாதீர்கள்.

நான்காவது: துணைச் சாட்சிகள்

நீரில் கொலஸ்ட்ரால்: இது 45 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் ஈரல் காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு, புற்றுநோய்ப் பக்கம் சாய்கிறது. ஆனால் டி.பி.யிலும் ஏறும்.

நீரில் சி.இ.ஏ.: குடல், இரைப்பை, கணையம் போன்ற இடங்களின் புற்றுநோய்களில் உயரும் பொருள். நீரில் 5 நானோகிராமுக்கு மேல் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. குறைவாக இருந்தால் 'இல்லை' என்று அர்த்தமில்லை.

ஏ.டி.ஏ.: இது டி.பி.க்கான சாட்சி. கிருமியோடு போராடும் லிம்போசைட்டுகள் சுரக்கும் என்சைம். நீரில் சுமார் 40 யூனிட் அளவுக்கு மேல் போனால் டி.பி. என்ற சந்தேகம் பலமாகும். லிம்போமா போன்ற சில புற்றுநோய்களிலும் உயரலாம். சிரோசிஸ் உள்ளவருக்கு டி.பி.யும் சேர்ந்து வந்தால், எதிர்பார்த்த அளவு உயராமலும் போகலாம். எனவே இதுவும் தனிச் சாட்சிதான், தீர்ப்பு அல்ல.

நீரில் டி.பி. கிருமியை நேரடியாகத் தேடினால் கிடைப்பது அபூர்வம். அதன் மரபணுவைத் தேடும் நவீன பரிசோதனைகூட, சளியில் கண்டுபிடிக்கிற அளவுக்கு வயிற்று நீரில் கண்டுபிடிப்பதில்லை. 'கிருமி இல்லை' என்ற ரிப்போர்ட்டால் டி.பி. இல்லை என்று ஆகிவிடாது.

சரி, அந்த சி.ஏ. 125?

இப்போது கேளம்பாக்கம் வீட்டுக்கு வருவோம். 480 என்று வந்ததே, அது பொய்யா?

பொய் இல்லை. ஆனால் அது யாரைக் காட்டிக்கொடுக்கிறது என்பதுதான் கேள்வி. சி.ஏ. 125 என்ற பொருள் 1981-ல் சினைப்பைப் புற்றுநோய் ஆராய்ச்சியில் கண்டுபிடிக்கப்பட்டது. அதனால் 'சினைப்பைப் புற்றுநோய் டெஸ்ட்' என்று பெயர் ஒட்டிக்கொண்டது. உண்மையில் வயிற்றுச் சவ்வின் செல்களே அதைச் சுரக்கும். சவ்வை எது தொந்தரவு செய்தாலும், வெறும் நீர் அழுத்தினாலும்கூட, ரத்தத்தில் அது ஏறும். சிரோசிஸ் வந்த ஆணுக்கும் ஏறும். இதய நோயாளிக்கும் ஏறும். டி.பி.யில் நூற்றுக்கணக்கில் போகும். கர்ப்பத்திலும் மாதவிலக்கிலும்கூட ஏறும்.

ஆகவே வயிற்றில் நீர் இருக்கும்போது, 'இது புற்றுநோயா?' என்று கண்டுபிடிக்க சி.ஏ. 125 ஏறக்குறைய உதவாது. புகை தெரிகிறது, சரி. அடுப்பா, வீடா, எது எரிகிறது என்று புகை சொல்லாது!

அப்படியானால் அது வீண் பரிசோதனையா? இல்லை. சினைப்பைப் புற்றுநோய் என்று உறுதியானபின், சிகிச்சை பலன் தருகிறதா என்று பார்க்க மிகவும் உதவும். ஸ்கேனில் சினைப்பையில் சந்தேகமான கட்டியும் சேர்ந்து தெரிந்தால் டாக்டர் அதற்கு மதிப்புக் கொடுப்பார். அப்போதும் ஒரு சிக்கல்: டி.பி.யும் சினைப்பையில் கட்டி மாதிரியே தெரியலாம்!

கடைசி நீதிபதி

நீரின் சாட்சிகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்றால், சவ்விலிருந்து சின்னத் துண்டு எடுத்துப் பார்ப்பதே கடைசி வழி. தொப்புள் அருகே சின்னத் துளை போட்டு, 'லாபரோஸ்கோப்' என்ற குழாய்க் கேமராவால் உள்ளே பார்ப்பார்கள். டி.பி. என்றால் சவ்வெங்கும் தினையைத் தூவின மாதிரி வெள்ளை மணிகள் தெரியும். புற்றுநோயும் சில சமயம் அதே மாதிரி தெரியும். அதனால்தான் கண்ணால் பார்த்ததோடு விடாமல் துண்டை எடுத்து நோய்க்குறியியல் நிபுணரிடம் அனுப்புகிறார்கள்.

'சின்ன ஆபரேஷன்கூட வேண்டாம், டி.பி. மாத்திரையைக் கொடுத்துப் பார்ப்போமே' என்று சிலர் கேட்பதுண்டு. புற்றுநோயாக இருந்தால் அந்த இரண்டு மூன்று மாதங்கள் திரும்பி வராது. 'நிச்சயம் புற்றுநோய்தான், கருப்பையை எடுத்துவிடலாம்' என்று அவசரப்பட்டால், மாத்திரையில் குணமாகியிருக்கக்கூடிய டி.பி.க்காக ஒரு பெண்ணின் வயிறு திறக்கப்படும். இரண்டுமே நஷ்டம்தான். இதைத் தவிர்க்கத்தான் இத்தனை பரிசோதனை.

ஒரே எண், இரண்டு வீடு

நம் உதாரண அம்மாவுக்கு மகன் தயங்கித் தயங்கி சம்மதித்து நீர் எடுத்தார்கள். வித்தியாசம் 0.6. லிம்போசைட் அதிகம். ஏ.டி.ஏ. 68. புற்றுநோய் செல் இல்லை. சவ்வுத் துண்டில் டி.பி. உறுதியானது. நெஞ்சு எக்ஸ்ரே சுத்தம். எனவே வீட்டில் மற்றவர்களுக்குத் தொற்றும் பயம் பொதுவாக இல்லை.

பொதுவாக ஆறு மாத மாத்திரை. அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசம். டி.பி. விஷயத்தில் நம் பக்கத்துக்குப் பெரிய சரித்திரமே உண்டு. தாம்பரம் சானடோரியம் 1928-ல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து தொடங்கியது. 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், வீட்டிலிருந்தபடியே மாத்திரை சாப்பிட்டாலும் சானடோரியத்தில் படுத்திருந்தவருக்குச் சமமாகக் குணமாகும் என்று 1959-லேயே உலகுக்கு நிரூபித்தது. ஒரே நிபந்தனை: வயிறு வற்றிவிட்டது என்று இரண்டாம் மாதமே மாத்திரையை நிறுத்தக் கூடாது!

ஆனால் அடுத்த தெருவில் இன்னொரு அம்மா. அவருக்கும் அதே 480. அதே 0.6. ஏ.டி.ஏ. மட்டும் 12. நீரில் புற்றுநோய் செல். அவருக்கு வழி வேறு. அங்கேயும் கதை முடிந்துவிடவில்லை. சினைப்பைப் புற்றுநோயில் நீர் சேர்ந்த கட்டத்திலும் மருந்தும் ஆபரேஷனும் சேர்ந்து பலருக்கு நல்ல பலன் தருகின்றன. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை போன்ற சிறப்பு இடங்களுக்கு எவ்வளவு சீக்கிரம் போகிறோம் என்பதுதான் முக்கியம்.

டாக்டரிடம் கேளுங்கள்

* ஆல்புமின் வித்தியாசம் எவ்வளவு? ரத்தமும் நீரும் ஒரே நாளில் எடுத்ததா?
* நியூட்ரோபில் எண்ணிக்கை 250-க்குக் கீழேதானா?
* சைட்டாலஜிக்கு எவ்வளவு நீர் அனுப்பினீர்கள்? மறுபடி அனுப்ப வேண்டுமா?
* ஏ.டி.ஏ. பார்த்தாகிவிட்டதா?
* சிகிச்சை தொடங்குமுன் சவ்வுத் துண்டுப் பரிசோதனை தேவையா?

உடனே ஓடுங்கள்

வயிற்றில் நீர் உள்ளவருக்குக் காய்ச்சலோடு வயிற்று வலி, ரத்த வாந்தி, தார் போலக் கறுப்பு மலம், மூச்சுத் திணறல், குழப்பமான பேச்சு, அளவு மீறிய தூக்கம்... இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ராத்திரியே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்விடுங்கள்.

இன்னொரு விஷயம். மாடிப்படியில் நின்று குசுகுசுவென்று பேசாதீர்கள். வயிறு யாருடையதோ, அவருக்குத்தான் முதலில் தெரிய வேண்டும். "அம்மா, நீர் சேர்ந்திருக்கு. ஏன்னு இன்னும் தெரியலை. கொஞ்சம் நீர் எடுத்துப் பார்த்தா தெரிஞ்சுடும்" என்று சொல்லுங்கள். இது முழு உண்மை. அதைத் தாங்கிக்கொள்ளும் தெம்பு அநேகமாக எல்லா அம்மாக்களுக்கும் உண்டு.